காதிரைச்சல் பென்ஷன்: மறுப்புக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டாதீர்கள்

பட்டாளத்திலிருந்து காதிரைச்சலோடு வீடு திரும்பியவர்கள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கம் இருக்கிறார்கள். பீரங்கிப் பக்கத்தில் நின்றவர், டாங்கி ஓட்டியவர், ஜெனரேட்டர் அறையிலேயே வருடங்களைக் கழித்தவர். ஊர் அடங்கிய பிறகு காதுக்குள் வண்டு நுழைந்தாற்போல 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்; தூக்கம் போய்விடும். இவர்கள் கேட்கும் டிஸபிலிட்டி பென்ஷனை ரெக்கார்டு ஆபீஸ் நாலு வரிக் கடிதத்தில் மறுத்துவிடுகிறது. அதன் பிறகு இவர்கள் செய்வதைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது. ஒன்று, கடிதத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கலெக்டருக்கு இதில் எந்த அதிகாரமும் கிடையாது. முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் கிடையாது. மனு மேசை மேசையாக நகர்ந்து திரும்பி வருவதற்குள் அப்பீலுக்கான ஆறு மாதம் முடிந்துபோகிறது.

ஆறு மாதம். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் லைன் வீட்டு முகவரியை ரெக்கார்டில் கொடுத்தவர் யாரும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2024-ல் தோட்டத்தை நடத்திய பி.பி.டி.சி. கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திய பிறகு பல குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கிவிட்டன. பூட்டிய லைன் வீட்டுக்கு வரும் கடிதம் யார் கையில் கிடைக்கும்? புது முகவரியை ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் கணக்கு இருந்தால் அதிலும் மாற்றுங்கள்.

இனி மறுப்புக் கடிதத்தைக் கையில் எடுங்கள். பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும், சிலருக்கு இரண்டுமே இருக்கும். முதலாவது, 'நோய் ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை' என்பது. பட்டாளத்தில் இதை 'நானா' என்பார்கள். இரண்டாவது, ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழ் என்பது. அப்பீல் எழுதுகிறவர்கள் முதல் காரணத்தோடு மட்டும் மல்லுக்கட்டிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். சர்வீஸ் காலம் முடித்து இயல்பாக வெளியே வந்தவருக்கு 20-க்குக் கீழ் இருந்தால் டிஸபிலிட்டி பென்ஷன் கிடைக்காது என்று 2019-ல் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆளுக்கு 20 என்று இருந்தால் அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்பது 2014-ல் ராம் அவதார் வழக்கில் வந்த தீர்ப்பு. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றால், ஐம்பதுக்கு 15 சதவீதம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் மாதம் 6,000 ரூபாய், அகவிலைப்படி தனி. 19-க்கும் 20-க்கும் நடுவில் இத்தனை இருக்கிறது. உடல்தகுதி இல்லை என்று இடையிலேயே அனுப்பப்பட்டவர்களின் கதை வேறு. அவர்களது ஊனம் 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்குக் காதிரைச்சலுக்கு மட்டுமே பத்து சதவீத ஈடு உண்டு. நம் நாட்டில் அந்தப் பத்து சதவீதம் வெறும் எண். அதனால் இரைச்சலை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கேட்கும் திறனில் குறைவும் இருக்கிறதா என்று பரிசோதித்துச் சேர்த்துக் கேளுங்கள். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பரிந்துரையிலோ ஆடியோகிராம் எடுக்கலாம். அந்தத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். கோடு அங்கே பள்ளமாக இறங்கி 8000-ல் மறுபடி ஏறினால், அது வெடிச்சத்தமும் இயந்திரச்சத்தமும் காதைப் பாதித்ததற்கான அடையாளம். வயதால் வரும் செவிட்டுத்தன்மையில் கோடு கடைசிவரை சரிந்துகொண்டே போகும். டாக்டரிடம் இதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, பணியிலிருந்து வெளிவரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு தாள்களின் நகல் வேண்டும். கையில் இல்லையென்றால் உங்கள் ரெக்கார்டு ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஆர்.டி.ஐ. மனு அனுப்புங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்த மனுவில் பட்டாளத்தில் சேர்ந்தபோது நடந்த உடல் பரிசோதனைக் குறிப்பையும் கேளுங்கள். வாழ்க்கையே இந்த ஒரு தாளில் இருக்கிறது. சேரும்போது காதில் குறை எழுதப்படவில்லை என்றால், நல்ல உடலோடுதான் வந்தார் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. வலிப்பு நோய்க்காகப் போராடிய தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். போர்டு டாக்டர்கள் காரணம் எழுதாமல் 'நானா' என்று மட்டும் போட்டிருந்தால் அதையே அப்பீலில் முதல் பாயிண்டாக எழுதுங்கள். ஒரு மனிதனின் பிழைப்பைத் தீர்மானிக்கும் தாளில் காரணம் எழுதக்கூட நேரமில்லையா என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். பழைய வழக்கின் வரிகளை அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள்.

முதல் அப்பீல் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகும். எந்தப் பதவியில், எந்தத் துப்பாக்கியோடு, எந்த வருடம் எங்கே இருந்தீர்கள், இரைச்சல் முதலில் எப்போது வந்தது, எந்த ராணுவ ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள். கூட இருந்தவர் எழுதித் தந்தால் அதையும் சேருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவி கேட்கலாம். முடிவெடுப்பது அவர்கள் கையில் இல்லை. தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் அப்பீலும் மறுக்கப்பட்டால் மறுபடி ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல்.

அப்பீல் போட்டு ஆறு மாதமாகியும் பதில் இல்லையா? காத்துக் கிடக்க வேண்டாம். அடுத்த ஆறு மாதத்துக்குள் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள். கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டவர்களும் விட்டுவிட வேண்டாம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 2008-ன் தர்சேம் சிங் தீர்ப்புப்படி நிலுவைத் தொகை பொதுவாக மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். பெட்டிக்குள் பூட்டி வைத்த மற்ற வருடங்களின் பணம் பெரும்பாலும் போனதுதான்.

அப்பீலை முடித்துத் தருகிறேன், வரும் நிலுவையில் பங்கு கொடு என்று சொல்பவரிடம் டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வையும் அசலாகக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள்.