சுவை பார்க்கக் கொடுத்த பண்டம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலே ஆனி, ஆடி மாதங்களில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். கூடையின் மேலே ஒரு பழத்தை அறுத்து வைத்துக்கொண்டு, "ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கோ" என்று விற்பவர் நீட்டுவார். துண்டு சிறியதாயிருக்கின்றதே என்று எவரும் குறைகூறுவதில்லை. முழுப்பழத்தையும் ஏன் தரவில்லை என்று வழக்காடுவாரும் இல்லை. சிறிதாயினும் அது அதே கூடையிலுள்ள பழத்தின் துண்டு. அதன் இனிப்பே மற்றப் பழங்களின் இனிப்பு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இல்லத்தரசிகள் எல்லாரும் அறிந்த கணக்கு.

கணினிக்குரிய மென்பொருள்களை விற்போரும் இவ்வழக்கத்தையே கைக்கொண்டிருக்கின்றனர். "முதலில் பாவித்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்" என்கின்றனர். ஆனால், சுவை பார்க்கக் கொடுப்பதிலே சில பகுதிகளை மூடி வைத்துவிடுகின்றனர். ஒன்றிலே கோப்பைச் சேமிக்க இயலாது; இன்னொன்றிலே அச்சிட்ட தாளின் குறுக்கே விற்பவரின் பெயர் பெரிதாக விழும்; வேறொன்று முப்பது நாளிலே வாய் மூடிக்கொள்ளும். இவ்வாறு மூடி வைப்பது நியாயமா என்ற வினா எனக்குப் புத்தகத்திலிருந்து எழவில்லை. சொந்த அனுபவத்திலிருந்தே எழுந்தது.

சில காலத்துக்கு முன் எங்கள் கல்லூரியின் நேரசூசியைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அது எத்துணைச் சிக்கலான வேலை என்பதை ஆசிரியர் குடும்பங்கள் நன்கறியும். சங்கீத ஆசிரியை செவ்வாயும் வியாழனும் மாத்திரமே வருவார். இரசாயன ஆய்வுகூடம் ஒன்றே ஒன்று, அதனை ஒரே பாடவேளையிலே இரண்டு வகுப்புகள் கேட்கும். உயர்தர வகுப்புக்குக் கணிதத்தைக் கடைசிப் பாடவேளையில் வைத்தால் ஆசிரியருக்கும் மனத்தாங்கல், மாணவருக்கும் நித்திரை. இதற்கென்றே செய்யப்பட்ட வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை, 'இலவசமாகப் பரீட்சித்துப் பாருங்கள்' என்ற வாசகத்தை நம்பி இறக்கிக்கொண்டேன். மூன்று இரவுகள் இருந்து ஆசிரியர் பெயர்களையும் வகுப்புகளையும் தட்டெழுதினேன். நான்காம் இரவு நேரசூசி அழகாகத் திரையிலே பூத்து நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றால் பாருங்கள்! அச்சிடும் பொத்தானை அழுத்தியபோதுதான் வந்தது செய்தி: பணம் செலுத்தியவர்களே அச்சிடலாம்.

விலையோ டொலரில், கட்டுவதற்கு என்னிடம் கடனட்டையும் இல்லை. காலையில் அதிபரிடம் நேரசூசியைக் கொடுக்கவேண்டும். ஆகவே திரையைப் பார்த்துப் பார்த்து அப்பியாசக் கொப்பியிலே பென்சிலால் எழுதி முடித்தபோது மணி இரண்டாகிவிட்டது. கண்ணெரிச்சலைக் காட்டிலும் மனவெரிச்சல் பெரிதாயிருந்தது.

கோபம் ஆறியபின் யோசித்துப் பார்த்தேன். எதன் பொருட்டு எனக்கு அத்தனை கோபம்? பணம் கேட்டதற்காகவா? உழைத்தவன் கூலி கேட்பதிலே குற்றம் ஏது?

இவ்வியாபார முறை தோன்றிய காலத்திலே மூடி வைத்தல் என்ற பேச்சே இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி அமெரிக்காவில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே அன்ட்ரூ புளூகல்மன் என்ற பத்திரிகை ஆசிரியர், தொலைபேசி வழியாகக் கணினிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கு 'பீஸீ-டோக்' என்றொரு மென்பொருளை இயற்றினார். அதனை எவரும் பிரதி செய்து நண்பருக்குக் கொடுக்கலாம். பயன்பட்டால் 25 டொலர் அனுப்பிவைத்தால் போதும் என்றார். அந்நாட்டிலே பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் நேயர்களிடம் நன்கொடை கேட்பதுண்டு. அதனைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாம். அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்திலே வேலை பார்த்த ஜிம் நொப் என்பவரும், தம் தேவாலயத்தாருக்குக் கடித உறைகளில் ஒட்டும் விலாசச் சீட்டுகளை அச்சிடுவதற்காகத் தொடங்கிய மென்பொருளை அவ்வாறே ஊராருக்கு விட்டார். அது 'பீஸீ-பைல்' எனப் பெயர் பெற்றது. ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டபின், இருவரும் தத்தம் மென்பொருளிலே மற்றவருடையதையும் குறிப்பிட்டு எழுதினார்கள். எதிர்க்கடையின் பழமும் நல்லதுதான் என்று சொல்லும் வியாபாரியை நம் சந்தையில் நான் இன்னும் காணவில்லை.

மூன்றாமவர் பொப் வொலஸ். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆரம்பகால ஊழியர்களுள் ஒருவராகிய அவர் 1983இல் அதனை விட்டு விலகி, 'பீஸீ-ரைட்' என்ற எழுத்துவேலை மென்பொருளை வெளியிட்டார். 75 டொலர் கட்டிப் பதிவு செய்தவர் தம் பிரதியை வேறொருவருக்குக் கொடுத்து, அவரும் பதிவு செய்வாராயின், முன்னவருக்கு 25 டொலர் திரும்பி வரும். 'ஷெயார்வெயார்' என்ற பெயர் இவராலேயே பரவலாயிற்று. இம்மூவரும் கொடுத்தவை துண்டல்ல, முழுப்பழம். ஏமாளித்தனம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆயினும் நொப் 1984இல் தம் உத்தியோகத்தையே விட்டு இத்தொழிலில் இறங்கினார் என்பதையும் நினைக்கவேண்டும்.

1987இல் இத்தொழிலாளர்கள் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமெரிக்காவிலே அமைத்தபோது, அங்கத்தவர் எவரும் அங்கக்குறைவான மென்பொருளைச் சுவைபார்க்க வெளியிடலாகாது என்பதை ஒரு நெறியாகக் கொண்டனர். முடமாக்கப்பட்ட மென்பொருள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்றால் அதனை இகழ்ந்தனர். நெறி நல்லது, சொல் நல்லதன்று. ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் எவனும் அவ்வுவமையை எடுத்தாளமாட்டான்.

ஆனால், அந்நெறி முழு நியாயமுடையதா என்பதிலே எனக்கு ஐயம் உண்டு. 1993இல் வெளிவந்த 'டூம்' என்ற கணினி விளையாட்டு மூன்று பாகங்களைக் கொண்டது. ஒன்பது கட்டங்கள் அடங்கிய முதற்பாகத்தை எவரும் காசின்றி விளையாடலாம். மற்ற இரண்டுக்கும் பணம் கட்டவேண்டும். மூடி வைத்தது பெரும்பகுதி. எனினும், முதற்பாகம் தொடக்கமும் முடிவும் உடையது. விளையாடியவர்க்கு விற்பனைக்குள்ள பொருள் எத்தகையதென்பது ஐயமறத் தெரிந்தது. இதுவன்றோ மாம்பழத் துண்டு! இத்தகைய மூடலிலே நான் ஒரு தீங்கும் காணேன்.

என் நேரசூசியின் கதை வேறு. அங்கே மூடப்பட்டது அவர்களுடைய பண்டமன்று. என்னுடைய மூன்று இரவுகள். சுவை பார்க்க வந்தவனை அரிசி, பருப்பு, விறகு எல்லாம் அவனே கொண்டுவந்து சமைக்கும்படி விட்டு, சோறு வெந்தபின் பானையைப் பூட்டுவதற்கு ஒப்பானது அது. முதல்நாளே, 'அச்சிடுதல் இதில் இல்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கொப்பியோடு நின்றிருப்பேன். அவர்களைப் பழிக்கவும் எனக்கு உரிமை இராது. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது மறதியன்று என்பதே என் அபிப்பிராயம். உழைப்பு உள்ளே சிக்கியபின் மனிதன் பணம் கட்டுவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கே சிந்திக்கவேண்டிய இடைப்பட்ட வகை ஒன்றுண்டு. கணினியில் தவறுதலாக அழிந்துபோன படங்களை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பல. மீளக்கூடியவற்றின் பட்டியலை இலவசமாகக் காட்டும். மீட்டெடுக்கவோ பணம் வேண்டும். படங்கள் நம்முடையனவே. எனினும், அவற்றைத் தொலைத்தவர்கள் நாம், மென்பொருள் அன்று. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி கொண்டு எடுத்துத் தருபவன் கூலி கேட்பது போன்றது இது. வாளி அங்கே கிடக்கிறது என்று அவன் முதலில் காட்டியும் விடுகிறான். அவனே வாளியைத் தள்ளிவிட்டவனானாலோ, இல்லாத வாளியைக் கிடப்பதாகச் சொன்னாலோ, அது களவு.

இவ்வெண்ணங்களோடு நான் இருந்த நாட்களிலே பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். சிறு கடைக்காரருக்கென இருப்பையும் கடன்கணக்கையும் எழுதிவைக்கும் மென்பொருள் ஒன்றைத் தனியொருவனாக இருந்து செய்திருந்தான். முப்பது நாள் இலவசம். அதன்பின் முழுவதும் பூட்டிக்கொள்ளும். எனது கதையைக் கூறி, "கடைக்காரருடைய கடன்கணக்கும் உள்ளே பூட்டுப்படுமோ?" என்று கேட்டேன்.

"அதைப் பூட்டினால்தானே சேர் காசு தருவினம்? சும்மா குடுத்தால் ஆர் தரப்போயினம்?" என்றான்.

எனக்கு உடனே விடை வரவில்லை. ஒன்றரை ஆண்டு அவன் வேறு வேலைக்குப் போகாமல் செய்த பொருள் அது. கணினியும் கடனுக்கு வாங்கியது. மாதம் முடிந்ததும் சம்பளம் வாங்குகின்ற நான் அறம் பேசுவது எளிது. ஆயினும் சொன்னேன்: "தம்பி, மென்பொருள் உம்முடையது, அதை நீர் எப்படியும் பூட்டலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு அந்த மனுசனுடையது. அதற்குத் திறப்பு உம்மிடம் இருக்கக்கூடாது." அவன் தேநீரைக் குடித்துவிட்டு, யோசிக்கிறேன் என்று எழுந்து போனான்.

பின்னர் மாற்றியமைத்தான். அறுபது நாளின்பின் புதிய கணக்கு எழுத இயலாது. பழைய கணக்கை எந்நாளும் பார்க்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். இதனை முதற்பக்கத்திலேயே தமிழில் எழுதியும் விட்டான். சென்ற வாரம் வந்தபோது, நான் கேளாமலே விவரம் சொன்னான். பதினொரு கடைகள் எடுத்தன. பணம் கட்டியவை நான்கு. சுன்னாகத்துக் கடைக்காரர் ஒருவர், அறுபதாம் நாள் கணக்கு முழுவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மீண்டும் கொப்பிக்கே திரும்பிவிட்டாராம். அவன் முகம் சற்று வாடியிருந்தது.

"அச்சு எல்லாம் ஒழுங்காக வந்ததோ?" என்று கேட்டேன்.

"ஓம் சேர், ஒரு வரி விடாமல் வந்தது" என்றான்.