பெரிய கோயில் கோபுரமும் அப்பாயியின் கடைவாய்ப் பல்லும்

எங்க அப்பாயிக்கு ஒரே பல்லுக்கு இரண்டு தடவை கேப் போட வேண்டியதாகிவிட்டது. இந்தக் கட்டுரைக்குக் காரணமே அதுதான்.

ஊர் பாபநாசம் பக்கம். வயது அறுபத்தெட்டு. கீழ் இடதுபக்கக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் முடிந்ததும் கேப்புக்கு அளவு எடுத்தார்கள். தட்டு ஒன்றில் களி மாதிரி எதையோ நிரப்பி வாய்க்குள் வைத்து அழுத்தி, அது இறுகும் வரை அசையாமல் இருக்கச் சொன்னார்கள். "வெளக்கெண்ண குடிச்ச மாதிரி கொமட்டிக்கிட்டு வந்துச்சுடா தம்பி" என்று அப்பாயி இன்றும் சொல்லும். பத்து நாளில் கேப் வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் ஓரத்தில் நாக்கு நுனி இடறியது. "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். ஆகவில்லை. எட்டு மாதத்தில் கேப்புக்கு அடியில் சொத்தை.

இரண்டாம் முறை தஞ்சாவூரில் வேறொரு கிளினிக். அங்கே களி இல்லை, தட்டும் இல்லை. தடித்த டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை வாய்க்குள் விட்டு டாக்டரம்மா மெதுவாக நகர்த்த, பக்கத்துத் திரையில் அப்பாயியின் பற்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. மூணாம் வருஷ மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு வாய் பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு தலைமுடி அளவுப் பிரச்சனை

கேப் என்பது செதுக்கிய பல்லின் மேல் கவிழ்க்கிற தொப்பி. தொப்பியின் விளிம்பும் பல்லும் சேரும் இடத்தில் சந்து இருந்தால் ஒட்டுகிற சிமெண்ட் கரையும், சோற்றுத் துணுக்கு புகும், கிருமி குடியேறும். எவ்வளவு சந்து வரை பொறுத்துக்கொள்ளலாம்? 1971-இல் மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற இருவர் 1000-க்கும் மேற்பட்ட பல் வேலைகளை ஐந்து வருடம் கவனித்துவிட்டு, 120 மைக்ரான் வரை சரி என்றார்கள். இன்றும் பல ஆய்வுகளில் அந்த எண்தான் அளவுகோல். நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 முதல் 100 மைக்ரான். ஆக, அப்பாயியின் நாக்குக்கே தெரிந்த சந்து இந்த எல்லையைத் தாண்டியதாக இருந்திருக்கலாம்.

சுவாமிமலை வழி

பழைய முறையில் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க சுவாமிமலைக்குப் போனால் போதும். அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுச் சிலை செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உலோக கேப் செய்வதும் இதே மெழுகு வார்ப்புதான். இதைப் பல் மருத்துவத்தில் பரவலாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த டாகர்ட். 1907-இல் தங்க அடைப்புகளை இப்படி வார்த்துக் காட்டினார்.

வித்தியாசம் ஒன்று உண்டு. சிலையை வார்த்த பிறகு உளியால் செதுக்கிச் சரிசெய்யலாம். கேப்பின் உள்பக்கத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. முதல் தடவையே பல்லில் போய் உட்கார வேண்டும்.

ஆனால் வாயிலிருந்து கேப் வரை எத்தனை நகல் பாருங்கள். வாயிலிருந்து சிலிக்கோன் அச்சு. அச்சிலிருந்து கல்மாவு மாடல். மாடல் மேல் மெழுகு. மெழுகைச் சுற்றி வார்ப்புக் கூடு. கூட்டுக்குள் உலோகம். சிலிக்கோன் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். கல்மாவு இறுகும்போது கொஞ்சம் விரியும். மெழுகு ஆறினால் சுருங்கும், உலோகமும் சுருங்கும். எதிர்ப்பக்கப் பற்களுக்குப் பெரும்பாலும் எடுப்பது ஆல்ஜினேட் அச்சு. இது பழுப்புக் கடற்பாசியில் இருந்து வருகிற பொருள். நம் மண்டபம், ராமேஸ்வரம் கரையிலும் அந்தப் பாசி சேகரிக்கிறார்கள். இறுகிய ஆல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்தால் காய்ந்து சுருங்கும். தண்ணீரில் போட்டு வைத்தால் உப்பும். உடனே மாடல் ஊற்றவில்லை என்றால் அளவு போச்சு.

அதற்காகப் பழைய முறை மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். உலோகம் எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு விரியும்படி வார்ப்புக் கூட்டின் கலவையைத் தேர்ந்தெடுப்பார்கள். தெரிந்த பிழையை எதிர்ப்பிழையால் அடிக்கிற வித்தை அது. கைதேர்ந்த டெக்னீஷியன் கையில் அருமையான கேப் வரும். சிக்கல் என்னவென்றால் எங்கே தப்பு நடந்தாலும், நோயாளி பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து உட்காரும்போதுதான் தெரியும்.

1808, தஞ்சாவூர்

ஸ்கேனர் எப்படி அளக்கிறது? இதற்கும் நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

1802-இல் பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை அளந்து, வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். கணக்கு நாம் பத்தாம் வகுப்பில் படித்ததுதான். ஒரு கோட்டின் நீளம் தெரியும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துப் புள்ளி ஒன்றைப் பார்க்கும் கோணங்கள் தெரியும். அப்படியானால் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

காவிரி டெல்டாவுக்கு வந்தபோது பிரச்சனை. மலை கிடையாது, மரங்கள் பார்வையை மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களையே மலையாக்கினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி, கோணம் அளக்கும் வட்டம் வளைந்தே போனது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

வாய் ஸ்கேனர்களில் ஒரு வகை செய்வது இதே முக்கோண அளவைதான். கருவியின் முனைக்குள் ஒருபக்கம் ஒளி வீசும் புரொஜெக்டர், இன்னொரு பக்கம் கேமரா. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அடிக்கோடு. புரொஜெக்டர் பல் மேல் கோடுகளை வீசும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப அந்தக் கோடுகள் வளைந்து தெரியும். எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் ஆழமும் கிடைக்கும். இன்னொரு வகை, குவியத்தை முன்னும் பின்னும் நகர்த்தி எந்தத் தூரத்தில் படம் தெளிகிறது என்று பார்த்து ஆழம் சொல்லும்.

முக்கோண அளவையில் அடிக்கோடு எவ்வளவு குட்டையோ அவ்வளவு பிழை. வாய்க்குள் நுழைய வேண்டிய கருவியில் அடிக்கோட்டை நீட்ட முடியாது. அதனால்தான் முனையைப் பல்லுக்கு மிக அருகிலேயே, சொன்ன தூரத்துக்குள் பிடிக்கச் சொல்கிறார்கள். லாம்டனின் வட்டம் வளைந்தது போல, கீழே விழுந்த ஸ்கேனரிலும் கேமராவும் புரொஜெக்டரும் இடம் மாறிவிடலாம். அப்போது படம் அழகாக வரும், அளவு தப்பாக வரும். காலிபிரேஷன் இல்லாத ஸ்கேனரை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

வரப்பு இருந்தால் வழி தெரியும்

ஒரு படத்தில் ஒன்றிரண்டு பல்தான் விழும். முழு வாய்க்கு நூற்றுக்கணக்கான படங்களை ஒட்ட வேண்டும். ஒட்டும் வேலைக்கு அடிப்படை, பெஸ்ல், மெக்கே இருவரும் 1992-இல் எழுதிய ஐசிபி போன்ற அல்காரிதம்கள். புதுப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பழைய படத்தில் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடு. இடைவெளி குறையும்படி புதுப் படத்தைத் திருப்பு, நகர்த்து. மறுபடி தேடு. இடைவெளி இனிமேல் குறையாது என்கிற வரை இப்படியே.

ஒவ்வொரு ஒட்டிலும் துளிப் பிழை. ஒரு பல்லுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் ஒரு கோடிக் கடைவாயில் தொடங்கி லாடம் போல வளைந்து மறுகோடிக்குப் போகும்போது பிழை சேர்ந்துகொண்டே வரும். வயலைச் சங்கிலி போட்டு வரப்புக்கு வரப்பு அளந்துகொண்டே போனால் கடைசி வயலில் வந்து நிற்கும் கணக்குப் பிழை மாதிரிதான். அதனால்தான் ஸ்கேனர் ஒன்றிரண்டு கேப்புக்குப் பிரமாதமாகவும், முழு வாய் வேலைக்குக் கொஞ்சம் சந்தேகத்துக்கு உரியதாகவும் இருக்கிறது. முதலில் மெல்லும் பரப்பு, அப்புறம் நாக்குப் பக்கம், அப்புறம் கன்னப் பக்கம் என்பது போல ஒரு வரிசையில் போகச் சொல்வதும் இதற்காகத்தான்.

எங்க தாத்தாவும் அன்றைக்குக் கூட வந்திருந்தார். அவருக்குப் பல்லே கிடையாது. "எனக்கும் இந்த லைட்டு வச்சே செட்டு செஞ்சு குடும்மா" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பழைய அளவுதாங்கய்யா சரி" என்றார். ஏன்? பல் இருந்தால் மேடு, பள்ளம், இடுக்கு எல்லாம் அடையாளம். வெறும் ஈறு வழவழவென்று இருக்கும், ஈரமாக இருக்கும், தொட்டால் நகரும். நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டிய வயல்காட்டைப் படம் எடுத்துப் பாருங்கள். வரப்பும் பனைமரமும் படத்தில் இல்லாவிட்டால் எந்த இடம் என்று சொல்ல முடியாது. அல்காரிதத்துக்கும் அதே குழப்பம்தான். அதோடு, செட் பிடித்து நிற்க வேண்டுமென்றால் கன்னமும் உதடும் அசையும்போது ஈறின் ஓரம் எப்படி மாறுகிறது என்பதும் பதிவாக வேண்டும். களி அதைப் பதியும், படம் பதியாது.

வெளிச்சம் தோற்கும் இடங்கள்

களி அழுத்தினால் இடுக்குக்குள் போகும். வெளிச்சம் நேர்க்கோட்டில்தான் போகும். கேப்பின் விளிம்பு ஈறுக்குக் கீழே இருந்தால் ஸ்கேனருக்குத் தெரியாது. அதனால் ஸ்கேன் செய்தாலும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகி ஈறை ஒதுக்குகிறார்கள். எச்சில் தேங்கினால் அது லென்ஸ் மாதிரி வேலை செய்து அளவைக் கெடுக்கும். ரத்தம் இருந்தால் விளிம்பே தெரியாது.

நம்ம பகுதிக்கே உரிய சிக்கல் வேறு இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலை, சீவல். பாக்கு மெல்லும் பழக்கம் வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு வாயின் உட்தோல் நார்போல இறுகி, வாயே சரியாகத் திறக்காது. புற்றுநோய்க்கும் அது வழி. அப்படிப்பட்டவர்களுக்குக் கடைவாய் வரை ஸ்கேனர் முனையும் போகாது, அச்சுத் தட்டும் போகாது. அப்பாயிக்கு வாய் நன்றாகத் திறந்தது. டாக்டரம்மா சீவலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசினார்.

திரையில் தெரிந்த தப்பு

எனக்குப் பெரிதாகப் பட்ட விஷயம் வேறு. ஸ்கேன் முடிந்ததும் டாக்டரம்மா படத்தைப் பல மடங்கு பெரிதாக்கி விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுப் பார்த்தார். நாக்குப் பக்கம் ஒரு இடத்தில் கோடு மங்கியது. அந்த இடத்தை மட்டும் அழித்து, எச்சிலை உறிஞ்சி, மறுபடி எடுத்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பழைய முறையில் பத்து நாள் கழித்துத் தெரிய வேண்டிய தப்பு, அப்பாயி நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

பிறகு அந்த வடிவம் எஸ்டிஎல் கோப்பாக லேபுக்குப் போனது. கேட் மென்பொருளில் கேப்பை வரைந்து, மில்லிங் மெஷினில் சிர்கோனியாக் கட்டியைக் கடைந்து எடுக்கிறார்கள். சுமார் 1500 டிகிரி சூளையில் வேகும்போது சிர்கோனியா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் முதலிலேயே கேப்பைப் பெரிதாக்கித்தான் கடைவார்கள். மெழுகு வார்ப்பில் பார்த்த அதே எதிர்ப்பிழை வித்தை இங்கே சாஃப்ட்வேரில்.

இந்த வழியைத் தொடங்கி வைத்தவர்கள் இரண்டு ஊர்க்காரர்கள். பிரான்ஸின் ஃபிரான்சுவா துரே 1973-லேயே ஒளியால் அச்சு எடுப்பது பற்றி ஆய்வேடு எழுதினார். சூரிச்சில் பல் மருத்துவர் வெர்னர் மெர்மனும் எலக்ட்ரிகல் இன்ஜினியர் மார்கோ பிராண்டெஸ்டினியும் சேர்ந்து உருவாக்கிய செரெக் கருவியால் 1985-இல் முதல் நோயாளிக்கு அடைப்பு வைத்தார்கள். அந்த இரண்டாவது பெயரைக் கவனியுங்கள் நண்பர்களே, நம்ம ஆள்.

இன்றைக்கும் ஒரு நல்ல ஸ்கேனர் பல லட்சம் ரூபாய். பாபநாசத்திலோ பட்டுக்கோட்டையிலோ தனியாக கிளினிக் நடத்தும் டாக்டர் வாங்க யோசிப்பார். வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கு மெல்லிய முனை, வெறும் ஈறில் தடுமாறாத ஒட்டு அல்காரிதம், கையடக்க விலை. மூன்றும் இன்னும் முழுசாகத் தீராத கணக்குகள். ஆப்டிக்ஸ், சிஎஸ்இ, மெக்கானிக்கல் மூன்று டிபார்ட்மெண்டும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம்.

இரண்டாவது கேப் போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் செக்கப்பில் விளிம்பு சுத்தமாக இருந்தது. தீபாவளி முறுக்கை அப்பாயி இடது பக்கமே கடித்தது. சீவலை இன்னும் முழுசாக விடவில்லை. அந்த வேலைக்கு நான்தான் பொறுப்பு என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.