உஷார்! குடுவைச் செடியைத் தொட்டியே கொன்றுவிடும்

பூச்சி தின்னும் குடுவைச் செடி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். எந்தத் தொட்டியில் வைக்கப் போகிறீர்கள்? மண்தொட்டியா? சிமெண்ட் தொட்டியா? வேண்டாம். வேண்டவே வேண்டாம்!

பெருமுக்கலில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று. அந்த வீட்டுப் பெண் நர்சரியிலிருந்து ஆசை ஆசையாக ஒரு குடுவைச் செடி வாங்கி வந்தார். வரும்போது ஏழெட்டுக் குடுவைகள் தொங்கின. பிளாஸ்டிக் தொட்டி பார்க்க நன்றாக இல்லையென்று மறுநாளே புது மண்தொட்டிக்கு மாற்றினார். தோட்டத்து மண், ஒரு கை மாட்டெரு, காலையும் மாலையும் போர் தண்ணீர். ரோஜாவுக்குச் செய்கிற அத்தனையையும் குறைவில்லாமல் செய்தார். அதுதான் வினையாகிவிட்டது. இரண்டே வாரத்தில் இலை நுனி கருகியது. புது இலை வந்தது, குடுவை வரவில்லை. தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பூஞ்சைதான் என்று நினைத்துத் துடைத்துவிட்டு, இன்னும் நிறையத் தண்ணீர் ஊற்றினார். இரண்டாவது மாதம் செடி போய்விட்டது.

அது பூஞ்சை அல்ல. உப்பு!

மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாதா? பாத்தியில் கட்டிய தண்ணீரை வெயில் குடித்துவிடும், உப்பு தங்கிவிடும். மண்தொட்டியிலும் அதேதான் நடக்கிறது. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. அதிலிருந்த உப்பு தொட்டிச் சுவரிலும் வேரடியிலும் படிகிறது. ஊற்ற ஊற்ற ஏறிக்கொண்டே போகிறது. வாயில் கரிக்கவில்லையே என்று போர் தண்ணீரை நம்பாதீர்கள். நம் நாக்குக்குத் தெரியாத உப்பு அந்த வேருக்குத் தெரியும்.

ரோஜா தாங்கும், செம்பருத்தி தாங்கும். இது தாங்காது. இந்தியக் காடுகளில் தானாக வளரும் ஒரே குடுவைச் செடி நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகள்தான் அதன் சொந்த ஊர். கொட்டுகிற மழை சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்ட மண் அது. வேரில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பழகிய செடிக்கு எருவும் உப்பும் விஷம். கடையில் விற்கும் கலப்பினங்களுக்கும் இது பொருந்தும். இன்னொன்று, காசியானா 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. காட்டில் பிடுங்கியது என்று யாராவது விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள். வாங்கி வைத்திருப்பதும் குற்றம்தான்.

சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும். அமிலத்தன்மை கேட்கிற வேருக்கு அது ஆகாது. செம்பு, பித்தளைப் பாத்திரம் அழகுதான், ஆனால் செம்பு வேரைக் கருக்கும். துளையில்லாத கண்ணாடி ஜாடியில் வேர் அழுகும், வெயில் பட்டால் செடி வெந்தே போகும். பழைய பூச்சிமருந்து கேனும் பெயிண்ட் வாளியும் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்!

அடியில் நிறையத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும். அழகு வேண்டுமென்றால் உள்ளும் புறமும் மெருகு பூசிய பீங்கான் தொட்டி, அதிலும் துளை இருக்க வேண்டும். சின்னச் செடிக்கு 4 முதல் 6 அங்குலம் போதும். அண்டா மாதிரி பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் காயாமல் வேர் அழுகும். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் கறுப்புத் தொட்டி தொட முடியாமல் கொதிக்கும், உள்ளே வேர் என்ன பாடுபடும்! தொங்கவிடுகிறவர்கள் இரும்புக் கொக்கியை நம்ப வேண்டாம். கடற்காற்றில் துருப்பிடித்து அறுந்து, கீழே விளையாடும் பிள்ளையின் தலையில் விழும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். வேரும் கெடும், டெங்கு கொசுவும் அங்கேதான் முட்டையிடும்.

தோட்டத்து மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் போடும் தேங்காய் நார்த்தூள் கட்டியிலும் உப்பு இருக்கும். மழைநீரில் நாலைந்து முறை அலசிப் பிழிந்த பிறகே போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சுத்தமான பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள். மாடியில் படிந்த கடற்காற்று உப்பு முதல் மழையோடு இறங்கும், அதை விட்டுவிடுங்கள். மழைநீர் தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். டிடிஎஸ் மீட்டரில் 50க்குள் காட்டினால் நிம்மதி, 100ஐத் தாண்டினால் ஊற்ற வேண்டாம்.

இலை நுனி பழுப்பாகிறதா? புது இலையில் குடுவை ஊதாமல் காம்பு மட்டும் நீள்கிறதா? தொட்டியைத் தூக்கினால் அழுகல் வாடை வருகிறதா? இனியும் காத்திருக்காதீர்கள்.

இன்று மாலையே போய்த் தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால் இன்றைக்கே தொட்டியை மாற்றுங்கள். கறுப்பாக, நூல் போல இருக்கும் வேர்கள் தொட்டாலே ஒடியும். இழுக்காமல் மண்ணோடு தாங்கி எடுங்கள்.