பழைய ரயில் பாதையில் தாத்தாவுடன் ஒரு நாள்

பல்கலைக்கழக விடுமுறைக்கு நண்பர்கள் பாங்காக், பாலி என்று புறப்பட்டனர். பகுதிநேர வேலை இருந்ததால் நான் இங்கேயே இருந்தேன். ஒரு ஞாயிறு காலை, தாத்தாவுடன் புக்கிட் தீமாவின் பழைய ரயில் பாதையில் நடந்தேன்.

மலேசியாவில் இருந்த அக்காவைப் பார்க்க இந்த வழியாகத்தான் ரயிலில் போவாராம் தாத்தா. பழைய இரும்புப் பாலத்துக்கு வந்ததும் கைப்பிடியைத் தொட்டபடி சற்று நேரம் பேசாமல் நின்றார். அந்த அத்தைப்பாட்டியைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

2011 ஜூன் 30ஆம் தேதியுடன் இவ்வழியே ரயில்கள் ஓடுவது நின்றது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நிலத்தைப் பசுமைப் பாதையாகக் காக்கவேண்டும் என இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் குரல் கொடுத்தனர். அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கலாம். வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்று பாருங்களேன்.