பேர் வகையைச் சொல்லும், ஆளைச் சொல்லுமா?



அமாவாசை இரவு மேல்மலையனூரில் ஊஞ்சல் உற்சவம் முடிந்ததும் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டி.என். 32 என்றால் விழுப்புரம், டி.என். 16 என்றால் திண்டிவனம். அடுத்து 'என்' எழுத்து வந்தால் அரசுப் போக்குவரத்துக் கழக வண்டி. ஏறாமலேயே இவ்வளவு தெரிகிறது. கம்ப்யூட்டரில் மாட்டும் சாதனங்களுக்கும் இப்படிப் பேர் வைக்கும் முறை உண்டு.

டாஸ் காலத்தில் ஏ, பி என்றால் ஃபிளாப்பி, சி என்றால் ஹார்ட் டிஸ்க். காம்1 சீரியல் போர்ட், எல்.பி.டி.1 பிரிண்டர். சி, ஓ, என் என்ற மூன்று எழுத்து கீபோர்டையும் திரையையும் குறிக்கும். இன்றைக்கும் விண்டோஸில் அந்த மூன்றெழுத்தில் ஒரு ஃபோல்டர் திறந்து பாருங்கள், விடாது!

லினக்ஸில் சாதனங்களெல்லாம் 'டெவ்' டைரக்டரிக்குள் ஃபைல் போலவே இருக்கும். அங்கே 'எல்.எஸ். -எல்' கட்டளை கொடுத்தால், வரியின் முதல் எழுத்தே வகையைச் சொல்லிவிடும். 'பி' என்றால் பிளாக், அதாவது டிஸ்க் மாதிரி தகவலைக் கட்டுக் கட்டாகக் கையாள்வது. 'சி' என்றால் கேரக்டர், அதாவது சீரியல் போர்ட் மாதிரி எழுத்து எழுத்தாக ஓடுவது.

அடுத்து பேர்:

எஸ்.டி.ஏ.1 – 'எஸ்.டி.' என்பது ஸ்கஸி டிஸ்க். சாட்டா ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் இரண்டுமே இதில்தான் வரும். 'ஏ' முதல் டிஸ்க், '1' அதன் முதல் பகுதி.
எஸ்.ஆர்.0 – சி.டி., டி.வி.டி. டிரைவ்.
எம்.எம்.சி.பி.எல்.கே.0 – மெமரி கார்டு.
டி.டி.ஒய்.எஸ்.0 – சீரியல் போர்ட். 'டி.டி.ஒய்.' என்பது பழைய டெலிடைப் மெஷினின் மிச்சம்.
டி.டி.ஒய்.யு.எஸ்.பி.0 – யு.எஸ்.பி. வழியாக மாட்டிய சீரியல் போர்ட்.

இதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த நான்தான் ஏமாந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு முழுவதையும் டைப் செய்து ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கிய பழைய லேப்டாப் என்னிடம் இருந்தது. அதில் புதிதாக ஏற்ற, சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸை காலி பென் டிரைவ் ஒன்றில் எழுத நினைத்தேன். முதல் நாள் பார்த்தபோது அது எஸ்.டி.பி. மறுநாள் இரண்டு பென் டிரைவும் சொருகியிருந்தன. பழைய ஞாபகத்தில் 'டி.டி.' கட்டளையை எஸ்.டி.பி.க்குக் கொடுத்தேன். அது 'அழிக்கட்டுமா?' என்று கேட்காது. கணக்கு போச்சு!

ஏன் இப்படி? பழைய ஐ.டி.இ. டிஸ்க்குகளுக்கு எச்.டி.ஏ., எச்.டி.பி. என்று பேர். முதல் கேபிளில் மாஸ்டர் 'ஏ', ஸ்லேவ் 'பி'. இடத்தை மாற்றாதவரை எழுத்தும் மாறாது. எஸ்.டி. வகையில் அப்படி இல்லை. கெர்னல் எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு முதல் எழுத்து. பஸ் வரிசையில் இரண்டாவதாக நிற்கும் வண்டி அடுத்த அமாவாசைக்கும் அதே வண்டியாக இருக்குமா? நம்பர் பிளேட்தானே மாறாதது!

டிஸ்க்குக்கும் அந்த நம்பர் பிளேட் இருக்கிறது. 'டெவ்' டைரக்டரிக்குள் 'டிஸ்க்', அதற்குள் 'பை-ஐடி' என்று போனால் கம்பெனி பேர், மாடல், சீரியல் நம்பரோடு நிற்கும். 'எல்.எஸ்.பி.எல்.கே.' கட்டளை கொள்ளளவைக் காட்டும். இரண்டையும் பார்த்துவிட்டே எழுதுங்கள். தேவையில்லாத பென் டிரைவை முதலில் கழற்றுங்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா திட்டவில்லை. "நோட்டு இருக்குதுல்ல, திரும்ப ஏத்து" என்றார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். மூன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, யார் எவ்வளவு கட்டினார்கள் என்று நான் நோட்டைப் புரட்டும் முன்பே சொன்னார். இப்போது கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. நோட்டும் பத்திரமாக இருக்கிறது.

– இரண்டாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு