கண்ணுக்குப் போகும் மருந்தும் ஒரு தேங்காய்க் கணக்கும்



வளைகுடாவில் வாழும் எம்மவர் வீடுகளுக்குச் சீனி வருத்தம் புதிதல்ல. அது விழித்திரையைத் தாக்கி வீங்கச் செய்யும்போது கண்ணுக்குள் ஏற்றப்படும் ஊசிமருந்துகளில் ஒன்று ரனிபிசுமாப். அமெரிக்காவில் 2006 இல் முதியோரின் விழித்திரை நோய்க்கும், 2012 இல் நீரிழிவால் வரும் இந்த வீக்கத்திற்கும் அனுமதி பெற்றது. அகமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனம் இதற்கு இணையான மருந்தை 2015 இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நோயை எதிர்க்க எமது உடல் ஆக்கும் புரதமே பிறபொருளெதிரி. ரனிபிசுமாப் அதன் ஒரு துண்டு மட்டுமே. இத்தகைய துண்டுகளை ஈ.கோலை என்ற பக்றீரியாவுக்குள் உருவாக்கலாம் என்று 1988 இல் ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால், வளர்ப்பது பாதி வேலைதான்; உள்ளிருந்து எடுப்பதே மறுபாதி.

இந்தப் பக்றீரியாவுக்கு உள்ளும் புறமுமாக இரண்டு உறைகள் உண்டு. துண்டு சரியாக மடிந்து உறுதிபெறுவது அவற்றின் இடைவெளியில். ஆகவே வெளியுறையை மட்டும் திறந்தால் போதும். ஆய்வுகூடத்தில் சீனிக் கரைசலில் ஊறவைத்து, சட்டென்று குளிர்நீரில் இடுவார்கள். இடைவெளியில் உள்ளவை வெளிவரும். பெருந்தொட்டிகளில் அது சிரமம். உயர் அழுத்த இயந்திரத்தால் உடைத்தால் கலம் முழுவதும் சிதறி, வேண்டாத புரதங்களும் மரபணுப் பொருளும் கலந்துவிடும். சில துண்டுகள் 60 பாகை வெப்பத்தைப் பல மணிநேரம் தாங்கும். பக்றீரியாவின் சொந்தப் புரதங்கள் பல அதில் திரிந்து படிந்துவிடும். எல்லாத் துண்டும் அதைத் தாங்காது. எனவே வெப்பம், நேரம், உப்பு என ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்தே முறையைத் தீர்மானிக்கிறார்கள்.

தேங்காயைச் சிரட்டைவரை திருவினால் பூ கூடும், பாலும் கறுக்கும். இங்கும் அப்படித்தான். வெளியுறையிலுள்ள நச்சுப்பொருள் சிறிதளவு தங்கினாலும் கண் அழற்சி கொள்ளும். மொத்த வரவு எவ்வளவு என்பதல்ல, சுத்திகரித்தபின் மிஞ்சும் நிகரமே கணக்கு. மருந்தின் விலைக்கு இந்தச் சுத்திகரிப்பும் ஒரு காரணம்.

நேயர்களே, ஊசி இருக்கிறதென்று காத்திருக்க வேண்டாம். பார்வை நன்றாகத் தெரியும்போதே விழித்திரை பாதிக்கப்படலாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறையாவது விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவே மிக மலிவான மருந்து.