சோற்றைக் குறைத்தால் மட்டும் போதுமா?



"நான் இப்போது சோறே சாப்பிடுவதில்லை" என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். உடல் பருமனைக் குறைக்கவும் நீரிழிவைக் கட்டுப்படுத்தவும் மாச்சத்தைக் குறைப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் சோறு இருந்த இடத்தில் எதை வைக்கிறீர்கள்? சிலர் எதையும் வைக்காமல் சோர்ந்து போகிறார்கள். சிலர் பொரித்த கோழியால் நிரப்புகிறார்கள். இரண்டுமே தவறு.

கணக்கைப் பாருங்கள்

மாச்சத்து 1 கிராம் 4 கலோரி சக்தி தருகிறது, புரதமும் அவ்வாறே. கொழுப்போ 9 கலோரி தருகிறது. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாச்சத்து உண்பதையே பொதுவாகக் குறைந்த மாச்சத்து உணவு என்பார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண் தினமும் 1600 கலோரி செலவிடுவதாகக் கொள்வோம். மாச்சத்து 100 கிராம் என்றால் 400 கலோரி. புரதம் 75 கிராம் என்றால் 300 கலோரி. மீதி 900 கலோரியும் கொழுப்பிலிருந்தே வரவேண்டும். அது 100 கிராம். ஆனால் மெலிய விரும்புபவர் அத்தனையையும் உண்ணத் தேவையில்லை. 60 கிராம் உண்டால் மீதியை உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு ஈடுசெய்யும்.

புரதத்தில் கை வைக்காதீர்கள்

புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். 2 முட்டையில் 12 கிராம், சமைத்த மீன் 150 கிராமில் சுமார் 35 கிராம், அவித்த கௌபி அரைக் கோப்பையில் சுமார் 7 கிராம் புரதம் உண்டு. பருப்பு, தயிர் ஆகியவற்றையும் சேர்த்தால் தேவை நிறைவேறிவிடும்.

எந்தக் கொழுப்பு?

நிரம்பிய கொழுப்பு மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1600 கலோரிக்கு அது சுமார் 18 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலேயே 11 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே கட்டிப் பாலில் காய்ச்சிய கறியும் கொழுப்பு இறைச்சியும் அன்றாடம் வேண்டாம். சாளை மீன், கச்சான், நல்லெண்ணெய் போன்றவற்றுக்கு இடம் கொடுங்கள்.

மாச்சத்தை எங்கே செலவிடுவது?

ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட தேநீரை நான்கு தடவை குடித்தால் 32 கிராம் போய்விடும். முதலில் அந்தச் சீனியை விடுங்கள். பகலில் ஒரு கோப்பைச் சோறு தாராளமாக உண்ணலாம். பீங்கானில் பாதியைக் கீரை, போஞ்சி, கோவா நிரப்பட்டும், மலச்சிக்கலும் வராது. கல்யாண வீட்டு சஹனில் நாம் எவ்வளவு உண்டோம் என்பது தெரியாது. அங்கே கறியையும் சலாதையும் முதலில் எடுத்துக்கொண்டு, சோற்றில் கையைச் சுருக்குங்கள்.

கவனம்!

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை பாவிப்பவர் திடீரென மாச்சத்தைக் குறைத்தால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் வைத்தியரே. சிறுநீரக நோயாளர் புரதத்தைக் கூட்டுமுன் கட்டாயம் ஆலோசனை பெறவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் இம்முறையில் இறங்க வேண்டாம்.

வீட்டுக்கே சமைத்துப் போடும் உங்கள் உடம்பும் அமானிதமே. சோற்றைக் குறையுங்கள், சத்தைக் குறைக்காதீர்கள்.